எந்தத் தண்ணீரில் கட்டினீர்கள்?

மீமிசல் பக்கத்து உப்பளங்களில் பாத்தி கட்டி உப்புநீரைப் பாய்ச்சுகிறார்கள். வெயிலும் காற்றும் நீரைக் கொண்டுபோய்விட, உப்பு தங்கிவிடுகிறது. அதே மண்ணில் எழும்பும் வீட்டுச் சுவரும் ஒரு பாத்திதான். அடிமண்ணின் ஈரத்தைச் செங்கல் மேலே உறிஞ்சுகிறது. முழங்கால் உயரத்தில் காற்று அந்த ஈரத்தை உலர்த்துகிறது. ஈரத்தோடு வந்த உப்பு சுவரிலேயே நின்றுவிடுகிறது. பாத்தியில் விளைந்த உப்பை வாரி எடுத்துவிடலாம். சுவருக்குள் விளைந்ததை யாரும் வாருவதில்லை. அது அங்கேயே இருந்து பூச்சைத் தின்னும், காங்கிரீட்டுக்குள் இருந்தால் கம்பியைத் தின்னும்.

ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மீமிசல், தொண்டி என்று கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஊர்களில் இன்று கட்டி விற்கும் வீடுகள் கூடிவருகின்றன. வாங்குகிறவர்களில் பலர் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடாவிலும் உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறவர்கள். வீட்டை முதலில் கைபேசிக் காணொளியில்தான் பார்க்கிறார்கள். பட்டா யார் பெயரில், வாசல் எந்தத் திசை, போரில் தண்ணீர் எத்தனை அடியில், டைல்ஸ் என்ன கம்பெனி என்று கேட்கிறார்கள். எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் இந்தக் கரையில் எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியதை யாரும் கேட்பதில்லை: எந்தத் தண்ணீரில் காங்கிரீட் போட்டீர்கள்?

கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் இது: “போர் தண்ணிதாண்ணே. கொஞ்சம் உப்பாத்தான் இருக்கும். அதெல்லாம் சிமென்ட்டுக்கு ஒண்ணும் பண்ணாது.”

சொல்லும் கொத்தனார் பொய் சொல்லவில்லை. சிமென்ட்டைப் பொறுத்தவரை அவர் சொல்வது பெருமளவு சரி. உப்புநீரில் குழைத்த கலவை இறுகும். முதல் சில நாட்களில் நல்ல தண்ணீரில் குழைத்ததைவிடச் சற்று விரைவாகவே பலம் கூடும். கம்பி இல்லாத வெறும் காங்கிரீட்டுக்கு லிட்டருக்கு 2000 மில்லிகிராம் வரை குளோரைடு உள்ள தண்ணீரை இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456 அனுமதிக்கிறது. கம்பி உள்ள காங்கிரீட் என்றால் அதே தர நிர்ணயம் 500க்கு இறங்கிவிடுகிறது. நாலில் ஒரு பங்கு! பயம் முழுக்கக் கம்பியைப் பற்றியது. கம்பிக்கு என்ன நடந்தது என்பது தளம் போட்ட கொத்தனார் கண்ணில் படுவதே இல்லை. அவர் அடுத்த ஊருக்கு வேலைக்குப் போய்ப் பல வருடம் கழித்துத்தான் அது வெளியே வரும்.

இரும்பு இயல்பாகத் துருப்பிடிக்கும் பொருள். காங்கிரீட்டுக்குள் மட்டும் அது பல பத்தாண்டுகள் பளபளப்பாக இருப்பதற்குக் காரணம் சுண்ணாம்பு. சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது. காங்கிரீட்டின் நுண்துளைகளில் நிற்கும் நீர் கடும் காரமாகிறது. பி.எச். அளவு 12.5க்கு மேல். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் படிகிறது. தலைமுடியின் தடிமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அந்தப் படலம் இருக்கும்வரை துரு அண்டாது.

குளோரைடு, அதாவது உப்பின் பாதி, அந்தப் படலத்தை எங்காவது ஒரு புள்ளியில் துளைக்கிறது. துளைத்த இடத்தில் இரும்போடு சேர்ந்து இரும்புக் குளோரைடு ஆகிறது. அது சற்று நகர்ந்ததும் தண்ணீரோடு வினைபுரிந்து துருவாக மாற, குளோரைடு விடுதலையாகித் திரும்பவும் கம்பிக்கே வருகிறது. இதுதான் கொடுமை. உப்பு இந்த வேலையில் செலவாவதே இல்லை. ஒரு முறை உள்ளே போன அளவே காலமெல்லாம் போதும். கூடவே அந்தக் குழியில் அமிலமும் ஊறுவதால், கம்பி மேலோட்டமாகத் துருப்பிடிக்காமல் குழி குழியாக உள்ளுக்குள் அரிபடுகிறது.

உண்டான துரு, அது தின்ற இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். காங்கிரீட்டை நசுக்குவது கடினம், இழுத்துப் பிளப்பது எளிது. இழுவிசையைத் தாங்கும் அதன் திறன், அழுத்தத்தைத் தாங்கும் திறனில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு. அதனால் கம்பி எந்த வழியில் ஓடுகிறதோ அதே வழியில் ஒரு மயிரிழை விரிசல் விழுகிறது. பிறகு பழுப்புக் கறை. பிறகு ஒரு நாள் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுகிறது.

எவ்வளவு உப்பு போதும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கன மீட்டர் காங்கிரீட்டுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு கன மீட்டரில் மணல், ஜல்லி, தண்ணீர், சிமென்ட் எல்லாவற்றின் வழியாகவும் சேரும் குளோரைடு 0.6 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்பது ஐ.எஸ். 456 வைத்திருக்கும் எல்லை. லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடு உள்ள தண்ணீர் என்றால் 90 கிராம் உள்ளே போகிறது, பிரச்சினை இல்லை. கரையோரப் போரில் 3000 மில்லிகிராம் இருந்தால் 540 கிராம். தண்ணீர் ஒன்றே ஏறக்குறைய எல்லையைத் தொட்டுவிடுகிறது, மணலை இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. கடல்நீரில் லிட்டருக்கு 19,000 மில்லிகிராம் குளோரைடு உண்டு. அதில் குழைத்தால் கன மீட்டருக்கு 3.4 கிலோ.

குடிக்கிற தண்ணீரில்தான் வீடு கட்ட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நல்ல விதி. ஆனால் இந்தக் கரையில் அது முழுதும் போதாது. வேறு வழி இல்லாத ஊர்களில் குடிநீரில் லிட்டருக்கு 1000 மில்லிகிராம் வரை குளோரைடு இருக்கலாம் என்று குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் விட்டுக்கொடுக்கிறது. மனிதன் குடித்துச் சமாளிக்கக்கூடிய அந்தத் தண்ணீர் கம்பிக்கு ஆகாது. பெரும்பாலோர் நாக்கு 200, 300 மில்லிகிராமிலேயே கரிப்பைக் கண்டுபிடித்துவிடும். அங்கேயே பிறந்து வளர்ந்த நாக்கோ பழகிப்போயிருக்கும். ஆகவே நாக்கை நம்பாமல் ஒரு பாட்டில் தண்ணீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிப்பது நல்லது. வீட்டு வேலைக்குப் பயன்பட்ட அதே போரிலிருந்து எடுத்த தண்ணீராக இருக்க வேண்டும். விற்பவர் “லாரியில் நல்ல தண்ணி வாங்கித்தான் போட்டோம்” என்றால் அதையும் நம்புங்கள், ஆனால் தளத்தில் நிறுத்திய தண்ணீர் எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள். காங்கிரீட்டுக்கு லாரித் தண்ணீர் வாங்கிவிட்டு, கியூரிங்குக்குப் போர் தண்ணீரை விடுவது சாதாரணமாக நடக்கிறது. இளம் காங்கிரீட் பகலில் காய்ந்து, மாலையில் உப்புத் தண்ணீரை ஆவலோடு உறிஞ்சிக்கொள்ளும். கடல்நீரைக் கலவைக்கும் கியூரிங்குக்கும் தர நிர்ணயம் பரிந்துரைக்காதது அதனால்தான்.

மணல் விஷயத்தில் உங்கள் கண்ணே ஆய்வகம். வேலை முடிந்த வீட்டின் கொல்லையில் மிச்ச மணல் ஒரு குவியலாவது கிடக்கும். ஒரு கைப்பிடி அள்ளி வெயிலில் பிடித்துப் பாருங்கள். கிளிஞ்சல் துணுக்குகள் மின்னினால் அது கடற்கரை மணல். இன்னும் உறுதி வேண்டுமென்றால், அந்த மணலை ஒரு கண்ணாடிக் குவளை நல்ல தண்ணீரில் ஊறவைத்துத் தெளிந்த நீரில் வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சில துளிகள் விட வேண்டும். மேல்நிலைப் பள்ளி வேதியியல் கூடத்தில் இருக்கும் கரைசல்தான். பால்போல் வெளுத்துத் திரண்டால் குளோரைடு இருக்கிறது. நிரப்பு மண்ணையும் மறக்க வேண்டாம். பேஸ்மட்டத்துக்குள் கடற்கரை மணலைக் கொட்டி நிரப்பிவிட்டு மேலே பளிங்குத் தரை போட்ட வீட்டில், ஓதம் தரைக்கு அடியிலிருந்தே ஏறும்.

தண்ணீரும் மணலும் சரியாக இருந்த வீட்டுக்கும் வெளியிலிருந்து உப்பு வரும். கடற்காற்று நுண்ணிய உப்புத்துளிகளைச் சுமந்து வருகிறது. கரையிலிருந்து உள்ளே போகப்போக அதன் அளவு வேகமாகக் குறையும். பாக் நீரிணையில் அலை பெரும்பாலும் அடங்கியே இருப்பதால், திறந்த கடலின் ஓரத்தைவிட இங்கே சாதாரண நாட்களில் துளிகள் குறைவு. வடகிழக்குப் பருவத்தில் காற்று கடலிலிருந்து வீசும்போது நிலைமை மாறும். 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயலை இந்தக் கரை மறக்காது.

சுவரில் படிந்த உப்பு மழையிலும் பனியிலும் கரைந்து, காங்கிரீட்டின் நுண்துளைகள் வழியே உள்ளே ஊர்கிறது. இங்கேதான் ஒரு வீட்டின் ஆயுளைத் தீர்மானிக்கும் கணக்கு வருகிறது. உப்பு கம்பியை எட்டுவதற்கு ஆகும் காலம், தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. கம்பிக்கு மேல் மூடிய காங்கிரீட்டின் தடிமன் இரண்டு மடங்கானால் காலம் நாலு மடங்காகும். இந்தத் தடிமனைத்தான் கட்டட வேலையில் கவர் என்கிறார்கள். கடற்கரைக் காற்று நேராகப் படும் காங்கிரீட்டை ஐ.எஸ். 456 கடுமையான சூழல் என்று வகைப்படுத்தி, 45 மில்லிமீட்டர் கவர் கேட்கிறது. குறைந்தது எம்30 தரக் காங்கிரீட்டும், சிமென்ட் எடையில் 0.45 பங்குக்கு மேல் போகாத தண்ணீரும் வேண்டும் என்கிறது. உப்புக்காற்று படாமல் ஒதுங்கிய பகுதிக்கு 30 மில்லிமீட்டரும் எம்25ம். உள்நாட்டு ஊர்களில் பழகிய 20 மில்லிமீட்டரை அப்படியே இங்கும் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும்? 45ஐ 20ஆல் வகுத்து இருமடியாக்கினால் ஐந்து. 40 வருடம் தாக்குப்பிடிக்க வேண்டிய சன்ஷேடு எட்டு வருடத்தில் கம்பியைக் காட்டும். பத்து ரூபாய் பெறாத கவர் பிளாக்குகளுக்குப் பதிலாக ஜல்லித் துண்டை முட்டுக்கொடுத்ததற்கு, வாங்கியவர் பிள்ளை கொடுக்கும் விலை இது.

காங்கிரீட்டின் தரம் பற்றியும் ஒரு வார்த்தை. சட்டியில் அளந்து ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று என்று போடும் கலவை எம்20 வரைக்கும்தான் கணக்கில் வரும். எம்30 வேண்டுமென்றால் பொருள்களைச் சோதித்து எடைக்கணக்கில் கலவை வடிவமைக்க வேண்டும், அல்லது ஆலைக் காங்கிரீட் வாங்க வேண்டும். சிமென்ட்டில் “53 கிரேடு போட்டேன், ஸ்ட்ராங்” என்று விற்பவர் பெருமைப்படுவார். உப்புக் கரைக்கு அதைவிட, கொல்லுலைக் கசடு கலந்த சிமென்ட்டும் சாம்பல் கலந்த சிமென்ட்டுமே நல்லவை. அவற்றில் நுண்துளைகள் இன்னும் குறுகலாக அமைகின்றன. குளோரைடில் ஒரு பகுதியைச் சிமென்ட்டே பிடித்துக் கட்டிவைத்துக்கொள்கிறது. ஆனால் அவை மெதுவாகப் பலம் கூடுபவை, கியூரிங் குறைந்தது பத்து நாள் வேண்டும். ஏழாம் நாள் சென்ட்ரிங் பிரித்து, எட்டாம் நாள் பூச்சு வேலை தொடங்கிய வீட்டில் அந்த நன்மை கிடைக்காது.

இந்த அறிவெல்லாம் எங்கோ வெளிநாட்டில் கிடப்பதில்லை. மீமிசலிலிருந்து இரண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடிய காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில், 1948இல் நேரு அடிக்கல் நாட்டி 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. உலோக அரிமானம் அதன் முக்கிய ஆய்வுத் துறைகளில் ஒன்று. கம்பிகளுக்கான சிமென்ட் அடிப்படையிலான காப்புப் பூச்சை உருவாக்கியதும் அதே நிறுவனம்தான். இதே கரையில் தெற்கே போனால் பாம்பன். 1914இல் திறந்த ரயில் பாலத்தின் தூக்கும் பகுதி அரிமானத்தால் நலிந்து, 2022 டிசம்பரில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் உயர்தரக் காப்பு வண்ணமும் சேர்த்திருக்கிறார்கள். அரசாங்கப் பாலம் கற்றுக்கொண்டதை, அதே கடற்காற்றில் நிற்கும் வீடுகள் கற்றுக்கொள்ள வேண்டாமா?

சரி, பட்டி பார்த்து வண்ணம் அடித்த புது வீட்டில் இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பது? தளம் போடுவதற்கு முன் கம்பி கட்டிய நிலையில் எடுத்த படங்களைக் கேளுங்கள். இன்று எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது; நேர்மையாகக் கட்டியவரிடம் அந்தப் படங்கள் இருக்கும். கம்பிக்கு அடியில் கவர் பிளாக் தெரிகிறதா, கம்பி சென்ட்ரிங் பலகையோடு ஒட்டிக் கிடக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்க்கலாம். சன்ஷேடு படம் இருந்தால் தனியாகக் கவனியுங்கள். சுவரிலிருந்து நீட்டி நிற்கும் சன்ஷேடில் முதன்மைக் கம்பி மேல்புறத்தில் இருக்க வேண்டும். காங்கிரீட் கொட்டும்போது ஆட்கள் மிதித்து அது கீழே இறங்கிவிட்டால், சன்ஷேடு பலமும் இழக்கிறது, அடியில் கவரும் இழக்கிறது. சன்ஷேடின் அடி விளிம்பில் மழைநீர் உள்ளே ஓடாமல் சொட்டிவிடுவதற்காக ஒரு பள்ளக் கோடு இழுத்திருக்கிறார்களா என்று கை வைத்துத் தடவிப் பாருங்கள். மொட்டை மாடியில், பின்னால் மாடி எடுப்பதற்கென்று விட்ட கம்பிகள் வெறுமனே நின்று துருப்பிடித்துக்கொண்டிருந்தால், ஈரம் அவற்றின் வழியே தூணுக்குள் இறங்கும். சிமென்ட் பால் பூசியோ குறைந்த தரக் காங்கிரீட்டில் மூடியோ வைத்திருப்பவர் விவரம் தெரிந்தவர்.

இவை எல்லாவற்றையும்விட நான் நம்புவது ஒன்று உண்டு. அதே ஆள் ஆறேழு வருடத்துக்கு முன்னால் இதே சுற்றுவட்டாரத்தில் கட்டிக் கொடுத்த வீடு எது என்று கேட்டு, நேரில் போய், கடலைப் பார்த்த பக்கத்துச் சன்ஷேடுகளுக்கு அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். மேல்நிலைத் தொட்டியின் அடித்தளத்தையும் மாடிக் கைப்பிடிச் சுவரையும் பாருங்கள். வீட்டுக்காரம்மாவிடம் சுவரில் உப்பு பூக்கிறதா என்று விசாரியுங்கள், மறைக்காமல் சொல்வார்கள். எந்த ஆய்வகச் சான்றிதழும் இதற்கு ஈடில்லை. முடிந்தால் மழைக்காலமான ஐப்பசி, கார்த்திகையில் போங்கள்.

புது வீட்டின் கீழ்ச்சுவரில் ஓதத்தை மறைப்பது எளிது. தரையிலிருந்து மூன்றடிக்கு டைல்ஸ் ஒட்டிவிட்டால் போதும், சில வருடம் தெரியாது. பேஸ்மட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் ஈரத்தடுப்பு அடுக்கு போட்டிருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. அது இல்லாத சுவரில் உப்பு படிகமாகும்போது நுண்துளைகளை உள்ளிருந்து நெம்பிப் பூச்சை உதிர்க்கும். மேலே எத்தனை முறை வண்ணம் அடித்தாலும் நிற்காது.

கதவு, ஜன்னல், கிரில் விஷயத்தில் இரும்பைக் குறைத்து வாங்குங்கள் என்பதற்கு மேல் சொல்ல அதிகம் இல்லை. பத்திரங்களை வக்கீல் பார்த்துக்கொள்வார். வில்லங்கச் சான்றிதழ், பட்டா, மனைப்பிரிவு அங்கீகாரம், கட்டட அனுமதி, கண்மாய்ப் புறம்போக்கு இல்லை என்ற உறுதி ஆகியவற்றோடு இங்கே கூடுதலாக ஒன்று: மனை, உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள்ளோ உப்பங்கழி ஓரத்திலோ இருந்தால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்தின் கட்டுப்பாடு உண்டு. 2016ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டம் கட்டுமானக் குறைகளுக்கு ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடம் கட்டியவரைப் பொறுப்பாக்குகிறது. ஆனால் 500 சதுர மீட்டரைத் தாண்டாத நிலத்தில் எட்டு வீட்டுக்கு மேல் போகாத திட்டங்களுக்கு அந்தச் சட்டத்தில் பதிவு கட்டாயமில்லை. மீமிசலில் கட்டி விற்கும் ஒற்றை வீடுகள் அந்த வலைக்கு வெளியேதான் நிற்கும். தவிர, உப்பு தன் வேலையைக் காட்ட ஐந்து வருடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளக்கூடியது. எனவே கட்டுமானப் பொறுப்பை, கம்பித் துரு உட்பட, பத்து வருடத்துக்கு என்று கிரய ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கப் பாருங்கள். மறுத்தால் விலையில் பேசலாம்.

கடைசியாக, ஒட்டுப்பூச்சு. புது வீடு என்று காட்டும் வீட்டில், விற்காமல் இரண்டு மூன்று வருடம் கிடந்ததில், ஒரு சன்ஷேடிலோ பீமிலோ சின்ன ஒட்டு போட்டு வண்ணம் அடித்திருப்பார்கள். பக்கவாட்டில் டார்ச் அடித்தால் மேடு தெரியும். “சின்ன உடைசல், சரி பண்ணிட்டோம்” என்பார்கள். துருப்பிடித்த கம்பியில் அரிபடும் இடம் ஒன்று, அந்த அரிப்புக்கு மின்னணுக்களைப் பெற்றுக்கொள்ளும் இடம் பக்கத்தில் இன்னொன்று என்று ஒரு சிறு மின்கலமே ஓடிக்கொண்டிருக்கும். அரிபட்டுக்கொண்டிருந்த பகுதி தான் கரைவதால் பக்கத்துக் கம்பியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அங்கே மட்டும் சுத்தம் செய்து புதுக் கலவை வைத்து மூடினால், பழைய உப்புக் காங்கிரீட்டுக்குள் இருக்கும் பக்கத்துக் கம்பி அடுத்ததாக அரிபடத் தொடங்கும். ஆகவே ஒட்டைப் பார்த்தால் ஒட்டின் மேல் தட்டாமல், அதன் இரு பக்கமும் ஓரடி தள்ளி ஒரு சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்கும் இடத்தில் காங்கிரீட் கம்பியைப் பிடித்திருக்கிறது. பொத்தென்று கேட்டால், அந்த இடத்திலேயே நின்று, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், கம்பியின் பின்புறம்வரை வெட்டித் திறந்து காட்டச் சொல்லுங்கள்.